குறையாத எஞ்சின் ஆயில்

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதுவது)

சங்கத்துக்குச் சொந்தமான யந்திரம் அங்கத்தினர் அனைவருக்கும் சொந்தமான யந்திரம். உச்சிப்புளிச் சாலையில் தேங்காயும் மிளகாயும் ஏற்றிச் செல்லும் டிராக்டரானாலும், பரமக்குடி, எமனேஸ்வரம் நெசவாளர்களுக்கு நூல் கட்டுகளைக் கொண்டு சேர்க்கும் சிறு லாரியானாலும், நாகாச்சி, இருமேனித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினானாலும், அதன் ஆயுள் பல குடும்பங்களின் பங்குத் தொகையோடு பிணைந்து கிடக்கிறது. ஆதலின் அந்த யந்திரங்களுக்கு வரும் நோய்களில், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியதும் கவனியாமல் விட்டால் பெருஞ்செலவில் முடிவதுமாகிய ஒன்றைப் பற்றி இங்கே எழுதலாமென்று எண்ணுகிறேன். எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்துவிடுவதே அந்த நோய்.

வாகனப் புத்தகங்களைப் பார்வையிடும்போது, ஆயில் ஊற்றிய விவரம் எழுதும் பகுதி மாதக்கணக்கில் வெறுமையாக இருப்பதைச் சில சங்கங்களில் காணலாம். "எங்கள் வண்டி ஆயிலே குடிப்பதில்லை" என்று நிர்வாகிகள் பெருமையாகச் சொல்வதும் உண்டு. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் மிகச் சிறிதளவே ஆயிலைச் செலவழிக்கும் என்பது உண்மையே. ஆனால் யாரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் உயருமானால் அது சிக்கனம் அன்று. உள்ளே வேறொரு திரவம் புகுந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அறிகுறி.

கலப்பினால் விளையும் கேடு

பாவுக்கு இடும் கஞ்சிக்கு ஒரு பதம் உண்டு. அது நீர்த்துப் போனால் நூல் பிசிறுகட்டித் தறியில் அறுந்து விழும் என்பதை நெசவாளர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. எஞ்சினிலும் அவ்வாறே. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இரும்பும் இரும்பும் தொடாதபடி காப்பது மெல்லிய ஆயில் படலந்தான். 40ஆம் எண் ஆயில் 100 டிகிரி சென்டிகிரேட் சூட்டிலும் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை தடிமன் உடையதாயிருக்க வேண்டும். டீசலோ 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்தான். ஆயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு டீசல் கலந்துவிட்டாலே அபாயம் என்று கொள்வது வழக்கம். படலம் மெலிந்தால் பேரிங் தேயும். சூடேறிய பின் ஆயில் அழுத்தம் குறையும். இறுதியில் கிராங்க் தண்டே கெட்டு, எஞ்சினைப் பிரித்து இறக்க நேரும்.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. மட்டம் மிக உயர்ந்துவிட்டால் எஞ்சின் தன் அடிப்பெட்டியில் உள்ள கலவையையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். அப்பொழுது டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நில்லாது; கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடித் தன்னையே அழித்துக்கொள்ளும். காற்று புகும் வாயைப் பலகையால் அடைத்துத்தான் அதை நிறுத்த முடியும். கையையோ துணியையோ அங்கே கொண்டுபோகலாகாது. ஆகவே, சந்தேகம் எழுந்த கணமே வண்டியை நிறுத்திவைத்தல் உத்தமம்.

தண்ணீரா, டீசலா?

ஆயில் மட்டத்தை உயர்த்தக்கூடியவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று ரேடியேட்டர் தண்ணீர், மற்றொன்று டீசல். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் சென்ற பின்பு அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி இட்டுப் பார்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டியிருந்தால், முதலில் யாரேனும் கூடுதலாக ஊற்றினார்களா என்று விசாரிக்க வேண்டும். இல்லையெனில் கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் கலந்த தேநீர்போல் வெளுக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணுரை கட்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். டீசல் கலந்திருந்தால் நிறம் கறுப்பாகவே இருக்கும். ஆனால் நீர்த்துப்போயிருக்கும், டீசல் வாசனையும் அடிக்கும்.

வாசனையை மட்டும் நம்புதல் போதாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல்முனையில் அதே எண்ணுள்ள புது ஆயில் ஒரு சொட்டும், எஞ்சினிலிருந்து எடுத்தது ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் இட்டுக் கண்ணாடியைச் சாய்த்தால், டீசல் கலந்தது முந்தி ஓடும். மையொற்றும் தாளில் ஒரு சொட்டு இட்டு இரவு முழுவதும் விட்டுவைத்தால், நடுவே கரும்புள்ளியும், அதற்கு வெகு வெளியே எண்ணெய்க் காகிதம் போன்ற வெளிறிய வளையமும் தோன்றும். அந்த வெளி வளையம் டீசலைக் காட்டும். இவ்விரு சோதனைகளுக்கும் காசு செலவில்லை.

டீசல் புகும் வாயில்கள்

டீசல் கலப்பு உறுதியானபின், அது புகும் இடத்தைத் தேட வேண்டும். எளிதில் கழற்றக்கூடியதை முதலில் பார்ப்பதே முறை.

முதலாவது, டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீடர் பம்ப். பல டிராக்டர்களில் இது எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்டு, உள்ளிருக்கும் கேம் தண்டினால் இயங்குவது. இதனுள் உள்ள டயாபிரம் கிழிந்தால் டீசல் நேரே அடிப்பெட்டிக்குள் இறங்கும்.

இரண்டாவது, நாஸில். அது பனிபோல் தூவாமல் சொட்டினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ரிங்குகளைத் தாண்டிக் கீழே போகும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகையும் தடுமாற்றமும் தெரியும். பழைய மாதிரி எஞ்சின் மெதுவாக ஓடும்போது நாஸில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தால், எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ அந்த நாஸிலே சந்தேகத்துக்குரியது. பம்ப் பழுது பார்க்கும் கடையில் அதைச் சோதனைக் கருவியில் மாட்டி, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்தால், பத்து விநாடி வரை நுனியில் சொட்டு விழலாகாது. தூவலின் முன்னே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். புதிய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாரையும் மிஞ்சுமாதலால், அவற்றில் நட்டைத் தளர்த்தும் சோதனை அறவே கூடாது.

மூன்றாவது, பிரதான பம்ப். எஞ்சின் ஆயிலையே மசகாகக் கொண்ட பம்புகளில் பிளஞ்சர் தேய்ந்தாலும், தண்டின் ஆயில் சீல் கெட்டாலும் டீசல் உள்ளே கசியும். நான்காவது, சில எஞ்சின்களில் வால்வு மூடிக்குள் அமைந்திருக்கும் டீசல் திரும்பு குழாய். மூடியைத் திறந்தால் ஈரம் கண்ணுக்கே புலனாகும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அவற்றில் புகைக்குழாய் வடிகட்டியில் சேரும் கரியை எரிப்பதற்காகச் சில மாதிரிகளில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள் விடப்படுகிறது. சந்தைக்கும் சங்கத்துக்குமாகக் குறுந்தூரமே ஓட்டி, அந்த வேலை முடியுமுன் அடிக்கடி எஞ்சினை நிறுத்தினால், அந்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் சேரும். இங்கே எந்த உறுப்பும் பழுதாகியிருக்க வேண்டுவதில்லை. ஓட்டும் முறையை மாற்றி, ஆயிலையும் மாற்றினால் போதும்.

ஒரு சங்கத்தில் நடந்தது

இவ்வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் டிராக்டருக்கு 7 லிட்டர் புது ஆயில் வாங்கிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அது தண்ணீர்போல் ஓடியது. டிரைவர் நல்ல ஆயிலை விற்றுவிட்டு மட்டமானதை ஊற்றிவிட்டார் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. "ஐயா, நான் ஒன்றும் ஊற்றவில்லை, அதுவாகவே ஏறுகிறது" என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. அவரை நீக்கும் தீர்மானம் வரை காரியம் போயிற்று.

தீர்மானத்துக்கு முன் ஆயிலை வடித்து அளக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். எட்டரை லிட்டர் வந்தது. திருடுபவன் அளவைக் குறைப்பானேயன்றிக் கூட்டமாட்டான். பிறகு மெக்கானிக் பீடர் பம்பைக் கழற்றிக் குழுவினர் முன்பாகவே அதன் கை லீவரை அடித்துக் காட்டினார். டயாபிரத்தின் கிழிசல் வழியே டீசல் சொட்டியது. சிறு தொகையில் பழுது தீர்ந்தது. ஆயிலும் பில்டரும் மாற்றப்பட்டன. டிரைவர் இன்றும் அந்த வண்டியையே ஓட்டுகிறார். அளவுக் கம்பியைப் பார்க்கத் தவறியிருந்தால் சங்கம் ஓர் எஞ்சினை மட்டுமன்றி, ஒரு நல்ல ஊழியரையும் இழந்திருக்கும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முதலாவதாக, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்தாலும் கூடினாலும் வாகனப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாவதாக, ஆயில் மாற்றும்போது ஊற்றிய அளவையும் வடித்த அளவையும் பதிய வேண்டும். மூன்றாவதாக, பழுது நீங்கியபின் ஆயிலையும் பில்டரையும் கட்டாயம் மாற்றி, மேலும் ஒரு வாரம் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். நான்காவதாக, வடித்த ஆயிலை மணலில் கொட்டலாகாது. நம் கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கிறது; அதுவே நம் கிணறுகளுக்கு ஆதாரம். பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவாகும். அதை மூடிய பாத்திரத்தில் சேர்த்து, அனுமதி பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்க்க ஒரு கந்தைத் துணியும் இரண்டு நிமிஷமும் போதும். டிரைவர் "ஆயில் ஏறுகிறது" என்று வந்து சொன்னால், அவரைக் குற்றவாளியாக எண்ணாமல் முதல் சாட்சியாகக் கொண்டு விசாரிப்பீர்களாக. அங்கத்தினர் பணமும் ஊழியர் மானமும் ஒருங்கே காக்கப்படும்.