ஊசிமுனையும் பழைய மெஷினும்: நீடில் டிடெக்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தையல் மெஷினில் ஊசி உடைவது பனியன் கம்பெனிகளில் அன்றாடம் நடப்பதுதான். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, முழு ஊசியும் கிடைத்துவிட்டது என்று உறுதியான பிறகே அவற்றை ரெஜிஸ்டரில் ஒட்டிவைத்து டெய்லருக்குப் புது ஊசி கொடுப்பார்கள். எக்ஸ்போர்ட் யூனிட்களின் நடைமுறை இது. முனை மட்டும் கிடைக்காமல் போகும் நாள்தான் பயம். பின்னலாடைக்கு ஓடும் 11-ம் நம்பர் ஊசியின் தண்டு 0.75 மி.மீ. கனம்தான். அதன் முனை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு உடைந்து, ஒரு கைக்குழந்தையின் சட்டைக் கழுத்து மடிப்புக்குள் போய்விட்டால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது. குழந்தையின் தோலுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த முனையைக் கடைசியாகப் பிடிக்க வேண்டியது நீடில் டிடெக்டர். குழந்தை உடை ஆர்டர் என்றால், இதில் ஓட்டாத பீஸைப் பெட்டியில் போடப் பல வெளிநாட்டு பையர்கள் விடுவதில்லை. பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் திருப்பூர் சிறு யூனிட்டுக்கு அங்கேதான் சிக்கல் வருகிறது. புது கன்வேயர் மெஷின் லட்சங்களில் விலை சொல்கிறார்கள். மூடிய யூனிட்டிலிருந்து வந்த பழையது அதைவிட வெகு குறைவாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பழைய ஓவர்லாக் வாங்கிப் பழகிய கை இதையும் அப்படியே வாங்கப் பார்க்கும். ஆனால் ஓவர்லாக்கில் கோளாறு இருந்தால் தையல் விட்டுப்போகும், நூல் அறும், சத்தம் வரும். ஒரு மணி நேரத்தில் டெய்லரே சொல்லிவிடுவார். டிடெக்டரின் கோளாறு இப்படி வெளியே தெரியாது. பெல்ட் ஓடும், விளக்கு எரியும், எல்லா பீஸும் பாஸ் ஆகிக்கொண்டே இருக்கும். செக்கிங் சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷம்கூட வரும். அதனால் இந்த மெஷினைப் பொறுத்தவரை எத்தனை வருடம் ஓடியது என்பது இரண்டாவது கேள்விதான். உங்கள் இடத்தில், உங்கள் துணியில் அது பிடிக்கிறதா, அதை எழுத்தில் நிரூபிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

முதலில், சரியான வகை மெஷினா என்று பாருங்கள். உடைகளுக்கான நீடில் டிடெக்டர் காந்தப் புலத்தை வைத்து வேலை செய்கிறது. இரும்புத் துண்டு அந்தப் புலத்தைக் கடக்கும்போது ஏற்படும் சிறு மாற்றத்தை சென்சார் உணர்ந்து பெல்ட்டை நிறுத்துகிறது. தையல் ஊசி எஃகு என்பதால் மாட்டிக்கொள்ளும். பித்தளை ஜிப்பும் பிளாஸ்டிக் பட்டனும் தொந்தரவில்லாமல் போய்விடும். உணவுத் தொழிற்சாலையில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் வேறு. அது பித்தளை, அலுமினியம் என எந்த உலோகத்துக்கும் கத்தும். மலிவாக வருகிறதே என்று அதை வாங்கி வந்தால் ஜிப் வைத்த பீஸ் ஒன்றுகூட வெளியே வராது. மண்டப வாசலில் செக்யூரிட்டி கையில் பார்க்கும் கருவியோ கத்தி, துப்பாக்கி அளவுள்ள பொருளுக்காகச் செய்தது. ஊசிமுனையை அதனிடம் எதிர்பார்க்கவே கூடாது.

கையில் பிடித்துத் தேய்க்கும் நீடில் டிடெக்டர் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அதற்கும் ஒரு வேலை உண்டு. கன்வேயர் நிறுத்திய பீஸில் ஊசி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடலாம். ஊசி உடைந்த டேபிளைச் சுற்றியும் தேடலாம். ஆனால் துணியை ஒட்டிப் பிடித்தால்தான் அதற்குத் தெரியும். ஆயிரம் பீஸை ஒரே ஆள் கையால் தேய்த்தால் மத்தியானத்துக்கு மேல் கை சோர்ந்து, அங்கங்கே இடம் விட்டுப்போகும். பட்ஜெட் இல்லை என்பதற்காக இதை மட்டும் நம்பிக் குழந்தை உடையை அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி சோதனை. டெஸ்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் குறிப்பிட்ட அளவு எஃகு உருண்டை பதித்திருக்கும். வழக்கமாகக் கேட்பது 1.2 மி.மீ. அல்லது 1.0 மி.மீ.; எந்த அளவு என்பதை பையரின் கையேடுதான் தீர்மானிக்கும். ஊசித் துண்டு படுத்திருக்கும் திசைக்கு ஏற்ப அது தரும் சிக்னல் கூடும், குறையும். உருண்டைக்குத் திசை கிடையாது. அதனால்தான் அளவுகோலாக உருண்டையை வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டை பெல்ட்டின் இடது, நடு, வலது என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் கீழே, நடு உயரத்தில், மேலே என்று ஒன்பது புள்ளிகளில் அனுப்ப வேண்டும். ஒன்பதிலும் மெஷின் நிற்க வேண்டும். எட்டில் நின்றால் அது ஃபெயில்தான்.

பழைய மெஷின் விற்பவர் சாதாரணமாகச் செய்துகாட்டுவது, முழு ஊசியையோ சாவியையோ பெல்ட் மேல் வைத்து அனுப்புவது. அதற்கு எந்த மெஷினும் நிற்கும். கார்டையே வைத்தாலும் சென்சாருக்கு மிக அருகில் வைப்பார்கள். மேலும் கீழும் சென்சார் உள்ள மெஷினில் உணர்திறன் குறைவது நடு உயரத்தில். ஒரே பக்கம் சென்சார் உள்ளதில் அதிலிருந்து தள்ளியிருக்கும் பக்கத்தில். உங்கள் ஆர்டரிலேயே கனமான பீஸ், ஒரு ஹூடி இருந்தால் அதை மடித்து எடுத்துப் போங்கள். கார்டை அந்த மடிப்புக்கு நடுவில் வைத்து அனுப்பிப் பாருங்கள். உடைந்த நிஜ ஊசிமுனை ஒன்றையும் துணியில் ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாக அனுப்பிப் பாருங்கள்.

அங்கே பாஸ் ஆன மெஷின் உங்கள் யூனிட்டில் பாஸ் ஆகாமல் போகலாம். பக்கத்தில் மோட்டார், இன்வெர்ட்டர் டிரைவ், இரும்பு டேபிள், அதிரும் தரை எதுவானாலும் அதன் புலத்தைக் கலைக்கும். தேய்ந்த பெல்ட்டில் இரும்புத் தூள் ஏறியிருந்தாலும் மெஷின் காரணமில்லாமல் நின்று நின்று ஓடும். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நிற்கிறதே என்ற எரிச்சலில் யாராவது உணர்திறனைக் குறைத்துவிடுவார்கள். பிறகு மெஷின் அமைதியாக ஓடும், ஊசிமுனையும் அமைதியாகப் போகும். பழைய மெஷினின் செட்டிங்குக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி கிடைக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சாவி சூப்பர்வைசரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

விலைக் கணக்கையும் முழுதாகப் போட வேண்டும். பழைய மெஷினின் விலையோடு ஏற்றுக்கூலி, புது பெல்ட், போர்டு ரிப்பேர், காலிபரேஷன் சர்டிபிகேட் எல்லாம் சேரும். உதிரிபாகம் வருவதே நின்றுபோன மாடல் என்றால் முதல் பழுதோடு அது வெறும் இரும்பு. புதியதில் கேரண்டியும் சர்டிபிகேட்டும் கூடவே வரும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், முறையான பில் மூலம் கட்டிய வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. “பில் வேண்டாம்னா கொஞ்சம் கொறைச்சுக்கலாங்க” என்று பழைய மெஷினில் மிச்சமாகிறதே, அந்தப் பணத்துக்காக இந்தச் சலுகையும் போகிறது, பின்னால் வழக்குப் போடும் ஆதாரமும் போகிறது.

குழந்தை உடை உங்கள் நிரந்தர வேலை என்றால், அகலம் குறைந்த மாடலாக இருந்தாலும் புதியதே வாங்குங்கள் என்பேன். பழையது வாங்குவதானால், உங்கள் இடத்தில் ஒன்பது புள்ளியும் பாஸ் ஆக வேண்டும், அந்த மாடலுக்கு சர்வீஸ் ஆள் பக்கத்தில் கிடைக்க வேண்டும், பில் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். எப்போதோ ஒரு ஆர்டர்தான் என்றால், மெஷின் வைத்திருக்கும் யூனிட்டில் பீஸுக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். எதைச் செய்தாலும் பணம் கொடுக்கும் முன் எக்ஸ்போர்ட்டரின் மெர்ச்சண்டைசரிடம் மாடலைச் சொல்லி, ஆடிட்டில் ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் யாருக்கு எந்த அளவு கைகொடுக்கும் என்பது பலருக்கும் தெரியாத பகுதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலாகச் செய்து, பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளைப் பயன்படுத்துபவர் இந்த விலக்கில் வரமாட்டார். இதற்கான முக்கியத் தீர்ப்பு நம் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் தயாரித்த ஒரு மெஷின் தொடர்பாக லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் அதை வழங்கியது. வாங்கியது வணிக நோக்கத்துக்கு என்பதால் அந்த நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், லேத் மெஷின் வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் விளக்கியது. ஆக, கணவனும் மனைவியும் ஒரு உதவியாளரும் நடத்தும் வீட்டு யூனிட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட நியாயம் இருக்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் யூனிட்டுக்கு அது கடினம்.

தகுதி உள்ளவர்கள் வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். முதலில் ஆலோசனை வேண்டுமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மற்றவர்களுக்குக் கைகொடுப்பது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். எந்த வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத்தான் இது பொருந்தும். கடையை மூடும் யூனிட்காரர் தன் ஒரே டிடெக்டரை விற்றால் இந்தப் பிரிவை வைத்து அவரைப் பிடிப்பது சிரமம். அங்கே 15-வது பிரிவு உதவும்: விவரித்தது எதுவோ, கொடுப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும். எனவே விவரம் எழுத்தில் இருக்கட்டும். “குழந்தைகள் ஆடையில் ஊசித் துண்டு கண்டறிய, 1.2 மி.மீ. இரும்பு, ஒன்பது புள்ளியிலும் கண்டறியும், வாங்குபவரின் இடத்தில் சோதித்த பிறகே மீதித் தொகை” என்று பில்லிலோ ஆர்டர் தாளிலோ எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “உள்ளது உள்ளபடி” என்ற வரி பில்லில் இருந்தால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதியை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். கையெழுத்துப் போடும் முன் அதை அடிக்கச் சொல்லுங்கள்.

மெஷின் வங்கிக் கடனில் அடமானமாக இருந்தால், விற்றவருக்கு இல்லாத முழு உரிமை உங்களுக்கும் வராது. பழைய பில்லையும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் கேளுங்கள். இணையத்தில் படத்தை மட்டும் காட்டி அட்வான்ஸ் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு.

மெஷின் வந்து இறங்கியபின் கோளாறு தெரிந்தால், போனில் சண்டை போட்டுக்கொண்டே அதை ஓட்டாதீர்கள். நிறுத்திவிட்டு, ஒன்பது புள்ளிச் சோதனையை வீடியோ எடுத்து, பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ விற்றவருக்குத் தெரிவியுங்கள். நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே சட்டம் கருதும். விற்றவர் சிறு, குறு நிறுவனமாகப் பதிந்தவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எம்.எஸ்.எம்.இ. சட்டம் 2006-ன்படி, பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு மீதித் தொகையைப் பிடித்துவைத்தால் வட்டியோடு கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும்.

புதியதோ பழையதோ, ஓட ஆரம்பித்த பிறகு மணிக்கு ஒருமுறை கார்டு சோதனை செய்து நேரத்தோடு எழுதிவையுங்கள். 11 மணிக்கு பாஸ் ஆன மெஷின் 12 மணிக்கு ஃபெயில் ஆனால், இடையில் ஓடிய அத்தனை பீஸையும் தனியாக எடுத்து, மெஷினைச் சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டும். பெட்டி கட்டியிருந்தால் பிரிக்க வேண்டும். லாரி ஏறியிருந்தால் அன்றைக்கே எக்ஸ்போர்ட்டருக்குப் பெட்டி எண்ணோடு சொல்லிவிடுங்கள். டெபிட் நோட் வருமே என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சரக்கு துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் சொன்னால் பெட்டியைத் திருப்பி எடுக்க முடியும்.