ஹவாய் ஆடுகளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

சூபாபுல் தழை என்றால் ஆடு மாடுகளுக்குக் கொள்ளை ஆசை. புரதம் நிறைந்த தழை அது. வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், யூரியா போடாத நிலத்திலும் மரம் தழைக்கும். பூர்வீகம் மெக்சிகோ.

ஆனால் தழைக்குள் மிமோசின் என்ற நச்சு அமினோ அமிலம் இருக்கிறது. அளவு மீறினால் கால்நடைக்கு முடி கொட்டும். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் மிமோசினைச் சிதைத்து டிஹெச்பி என்ற பொருளாக்கும். வேலை அதோடு நின்றால் ஆபத்துதான். டிஹெச்பி தைராய்டு சுரப்பைத் தடுக்கும், கழுத்து வீங்கும், எடை குறையும். ஆஸ்திரேலிய மாடுகள் இப்படித்தான் அவதிப்பட்டன. ஹவாய் ஆடுகளோ அதே தழையை வயிறு முட்டத் தின்றும் நலமாக இருந்தன.

மரம் ஒன்றுதான், அப்படியானால் வேறுபாடு வயிற்றில் இருக்க வேண்டும் என்று யோசித்தார் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். 1980களில் ஹவாய் ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். டிஹெச்பியும் சிதைந்தது; நோய் விலகியது. இவ்வளவு எளிய சோதனை இத்தனை தெளிவாகப் பதில் சொல்வது அபூர்வம்!

டிஹெச்பியைச் சிதைத்த அந்த இரைப்பை பாக்டீரியாவுக்கு 1992இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஒன்றாக மேயும் மந்தையில் அது ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தானே பரவும். சூபாபுல் மேய்ச்சல் வைத்திருக்கும் ஆஸ்திரேலியப் பண்ணையாளர்களுக்கு அதை வளர்த்தே கொடுக்கிறார்கள்.