அழுகிய திராட்சையில் பிறக்கும் 'அரசர்களின் ஒயின்': ஹங்கேரியின் டோகாய் தாக்குப்பிடிக்குமா?

ஹங்கேரி நாட்டின் தேசிய கீதத்தில் ஓர் ஊரின் திராட்சைக் கொடிக்கு இடம் உண்டு. 1823-ல் ஃபெரென்ஸ் கோல்செய் எழுதிய பாடல் அது. பொது நிகழ்ச்சிகளில் முதல் பத்தியை மட்டும் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வதால், பின்னால் வரும் அந்த வரி பலர் காதில் விழுவதில்லை. ஆனால் கடவுள் தங்கள் நாட்டுக்குத் தந்த வரங்களைக் கவிஞர் அடுக்கும்போது, விளைந்த கோதுமை வயலுக்குப் பக்கத்திலேயே அந்த ஊரின் பெயரும் வருகிறது. ஊரின் பெயர் டோகாய்.

அங்கே தயாராகும் 'அஸூ' என்ற இனிப்பு ஒயினை ஒரு காலத்தில் பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியின் அரண்மனையும் ரஷ்ய ஜார் மன்னர்களின் அரண்மனையும் விரும்பி வாங்கின. 'அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன்' என்று லூயி புகழ்ந்ததாக ஒரு பேச்சு இன்றுவரை பாட்டில் லேபிள்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அது அழுகிய திராட்சையில் செய்யப்படும் ஒயின். பூஞ்சை பிடித்து, சுருங்கி, சாம்பல் பூத்த பழங்கள்தான் அதற்கு வேண்டும். நல்ல பழம் வெறும் துணைச் சரக்குதான்.

பூஞ்சை பிடித்தால் பழம் கெட்டுப்போகாதா?

கெட்டுத்தான் போகும். உலகம் முழுக்கத் திராட்சை விவசாயிகளைத் தூங்கவிடாத 'பாட்ரைடிஸ் சினீரியா' என்ற பூஞ்சைதான் இங்கேயும் வேலை பார்க்கிறது. விடாமல் மழை பெய்து ஈரம் காயாமல் இருந்தால், கொத்து முழுவதும் சாம்பல் நிறத்தில் அழுகி ஒழுகிவிடும். ஆனால் காலையில் பனிமூட்டம், மதியம் நல்ல வெயில் என்று மாறி மாறி வந்தால் கதையே வேறு. காலை ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது. மதிய வெயிலும் காற்றும் அந்தத் துளைகள் வழியே பழத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன. சர்க்கரை, புளிப்பு, வாசனை எல்லாம் உள்ளேயே தங்கிச் செறிவாகிவிடும். இதைத்தான் ஒயின்காரர்கள் 'உன்னத அழுகல்' என்கிறார்கள்.

அந்தப் பனிமூட்டத்தை டோகாய்க்குக் கொடுப்பது இரண்டு ஆறுகள். ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், செம்ப்ளேன் மலைத்தொடரின் அடிவாரத்தில், போட்ரோக் ஆறு டிஸா ஆற்றோடு கலக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பும் பனி, காலையில் சரிவுகளின் மேல் படர்ந்து நிற்கும். சரிவுகளோ பழைய எரிமலை மண். அங்கே அதிகம் நடப்படும் ஃபுர்மிண்ட் என்ற வெள்ளைத் திராட்சை தாமதமாகப் பழுக்கும். புளிப்பும் அதற்கு அதிகம். அந்தப் புளிப்பு எவ்வளவு முக்கியம் என்பது சர்க்கரைக் கணக்கைப் பார்த்தால் புரியும். இன்றைய விதிப்படி அஸூவில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை எஞ்சியிருக்க வேண்டும். சாதாரண கோலா பானத்தைவிட இது அதிகம். புளிப்பு இல்லையென்றால் அது வெறும் சர்க்கரைப் பாகு.

இந்த முறை எப்படித் தொடங்கியது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1630-களில் துருக்கியப் படை வருமோ என்ற பயத்தில் அறுவடை தள்ளிப்போனதாம். திரும்பி வந்து பார்த்தால் பழமெல்லாம் சுருங்கிக் கிடந்ததாம். லாஸ்கோ மாட்டே செப்ஷி என்ற மதபோதகர் அதையும் வீணாக்க மனமில்லாமல் ஒயினாக்கினாராம். அழகான கதைதான். ஆனால் 1571-ம் ஆண்டுச் சொத்து ஆவணம் ஒன்றிலேயே 'அஸூ' என்ற சொல் வந்துவிடுகிறது. செப்ஷி அதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு பீப்பாய்க்கு எத்தனை ஆள் கூலி?

டோகாயின் பெருமை, சிக்கல் இரண்டுமே இந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

ஒரு கொத்தில் எல்லாப் பழங்களும் ஒரே நாளில் சுருங்குவதில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, ஆட்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப நடந்து, சுருங்கிய பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். எந்த இயந்திரமும் இதற்கு உதவாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பறித்தாலும் ஒருவருக்குப் பத்து கிலோ தேறினால் அது நல்ல நாள்.

அந்தக் காலத்தில் இந்தப் பழத்தை 'புட்டோன்' என்ற முதுகுக் கூடையில் அளந்தார்கள். ஒரு கூடைக்குச் சுமார் 25 கிலோ. கோன்ட்ஸ் என்ற ஊரின் பெயரில் வழங்கும் 136 லிட்டர் மரப் பீப்பாயில் உள்ள புது ஒயினுக்கு எத்தனை கூடைப் பழக்கூழ் சேர்த்தார்கள் என்பதுதான் தரம். மூன்று புட்டோன், நான்கு புட்டோன் என்று ஆறு வரை போகும். இப்போது கூடையை யாரும் எண்ணுவதில்லை, சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். அண்மைக்கால விதி மாற்றத்தில் மூன்றையும் நான்கையும் நீக்கிவிட்டு ஐந்தையும் ஆறையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பழைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆறு புட்டோன் என்றால் 150 கிலோ பழம். ஒருவர் பறித்தால் பதினைந்து நாள் வேலை. அதுவும் ஒரே ஒரு சின்னப் பீப்பாய்க்கு. அரை லிட்டர் பாட்டிலாக ஊற்றினால் முந்நூறு பாட்டில்கூட வராது.

பறித்த பழத்தைத் தொட்டியில் கொட்டி வைத்தால், தன் எடையாலேயே நசுங்கி அடியில் தேன் மாதிரி ஒரு சாறு இறங்கும். அதுதான் 'எசென்சியா'. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருப்பதால், நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டே திணறிப்போகும். வருடக்கணக்கில் நொதித்தாலும் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதைவிட ஸ்பூனில் எடுத்துச் சுவைப்பதுதான் இதற்கு வழக்கம். மீதிப் பழத்தைக் கூழாக்கி, சாற்றிலோ புது ஒயினிலோ ஊறவைத்துப் பிழிந்தால் அஸூ. அது மலையைக் குடைந்த நிலவறைகளில் குறைந்தது 18 மாதம் பீப்பாயில் கிடக்க வேண்டும். அந்த நிலவறைச் சுவரெங்கும் கறுப்புக் கம்பளம் விரித்ததுபோல வேறொரு பூஞ்சை படர்ந்திருக்கும். அதையும் யாரும் சுரண்டி எடுப்பதில்லை.

சுருங்கிய பழம் அதிகம் கிடைக்காத வருடம் என்றால்? தனித்தனியாகப் பொறுக்காமல் கொத்தோடு சேர்த்துப் பிழிந்துவிடுவார்கள். அதற்கு 'சமோரொட்னி' என்று பெயர். 'தானாக விளைந்தபடியே' என்று பொருள்படும் போலந்துச் சொல் அது.

ஹங்கேரி ஒயினுக்குப் போலந்துப் பெயர் ஏன்?

வாங்கியவர்கள் அவர்கள்தான். பல நூற்றாண்டுகளாக டோகாயின் பெரிய சந்தை போலந்து. ரஷ்ய அரண்மனையோ 1733-ல் டோகாயிலேயே ஒயின் கொள்முதல் குழு ஒன்றை நிறுவி, அந்த நூற்றாண்டின் கடைசி வரை நடத்தியது. எந்தெந்த ஊர்கள் டோகாய் என்ற பெயரில் ஒயின் விற்கலாம் என்று 1737-ல் அரச ஆணை எல்லை வகுத்தது. உலகிலேயே மிகப் பழைய ஒயின் எல்லை வரையறைகளில் அதுவும் ஒன்று.

வடக்கே போகும் வணிகத்தில் யூதக் குடும்பங்களின் பங்கு பெரியது. மாட் என்ற கிராமத்தில் 1795-ல் அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் இன்று சீரமைக்கப்பட்டு நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் சந்ததியினர் 1944-ல் ரயிலேற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வாங்குவோரையும் வழிகளையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஒரு சமூகம் சில வாரங்களில் இல்லாமல் போனது. டோகாயின் வீழ்ச்சியைப் பேசுகிறவர்கள் கம்யூனிச ஆட்சியிலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையில் அதற்கு முன்பே தொடங்கியது அது.

கம்யூனிச ஆட்சியில் என்ன ஆனது?

போருக்குப் பிறகு தோட்டங்களும் நிலவறைகளும் அரசின் கைக்குப் போயின. ஒயின் தயாரிப்பு ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. சோவியத் யூனியனுக்கு நிறைய வேண்டும், மலிவாக வேண்டும். செங்குத்தான சரிவில் டிராக்டர் ஏறாது என்பதால், நல்ல பழம் தந்த மேட்டு நிலங்கள் கைவிடப்பட்டன. கொடிகள் சமவெளிக்கு இறங்கின. விளைச்சல் கூடியது, தரம் குறைந்தது. யாருடைய தோட்டத்துப் பழமாக இருந்தாலும் எல்லாம் ஒரே தொட்டியில் கலந்தது. பழம் பழமாகக் கிள்ளியெடுக்கும் வேலைக்கு அந்த முறையில் மதிப்பே இல்லை. கொல்லைப்புறத் துண்டு நிலங்களில் தங்களுக்கென்று கொஞ்சம் ஒயின் செய்துவந்த குடும்பங்களிடம்தான் கைப்பக்குவம் தங்கியது.

1990-க்குப் பிறகு கதவு திறந்தது. பிரிட்டிஷ் ஒயின் எழுத்தாளர் ஹியூ ஜான்சன் உள்ளிட்டோர் 'ராயல் டோகாய்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரான்ஸின் ஆக்ஸா காப்பீட்டுக் குழுமம் டிஸ்னோகோ தோட்டத்தையும், ஸ்பெயினின் வேகா சிசிலியா நிறுவனம் ஓரெமுஸையும் வாங்கின. வெளிநாட்டுப் பணத்தோடு ஒரு சண்டையும் வந்தது. அஸூ என்றாலே பழுப்பேறி, காற்றுப்பட்ட வாசனையோடு இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. அது அரசு நிறுவனம் பழக்கிவிட்ட ருசி, பழத்தின் வாசனைதான் முன்னால் நிற்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. புது பாணிதான் ஜெயித்தது. இன்று கடையில் கிடைக்கும் அஸூவைப் பார்த்தால், அந்த முடிவு சரி என்றே சொல்ல வேண்டும்.

பெயருக்காக நடந்த வழக்குகள்

இதற்கிடையில் 'டோகாய்' என்ற பெயரே உலகமெங்கும் சிதறிக்கிடந்தது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் 'டோகே பினோ க்ரி', இத்தாலியின் ஃப்ரியூலியில் 'டோகாய் ஃப்ரியூலானோ', ஆஸ்திரேலியாவில் ஒரு 'டோகே'. இவற்றில் எதுவும் ஃபுர்மிண்ட் திராட்சையில் செய்ததில்லை. 1993-ல் ஐரோப்பிய சமூகத்தோடு ஹங்கேரி செய்துகொண்ட ஒப்பந்தம், 2007-க்குள் மற்றவர்கள் இந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்றது. இத்தாலியர்கள் நீதிமன்றம் போய் 2005-ல் தோற்றார்கள். அவர்களுடையது இப்போது வெறும் 'ஃப்ரியூலானோ'. ஆஸ்திரேலியர்கள் 'டோபாக்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுடன்தான் வழக்கு எடுபடவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920 உடன்படிக்கை எல்லையை மாற்றியபோது, டோகாய் பகுதியின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. அவை இப்போது ஸ்லோவாக்கியாவில். அவர்களும் தங்கள் ஒயினை டோகாய் என்றே விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பதிவேட்டில் ஸ்லோவாக்கியப் பெயர் இருப்பதை எதிர்த்து ஹங்கேரி போட்ட வழக்கு 2012-ல் தள்ளுபடியானது, மேல்முறையீடும் தோற்றது. கொடியும் மண்ணும் அதே என்றிருக்கும்போது, ஸ்லோவாக்கியர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பெயர் மீண்டது; பிழைப்பு?

2002-ல் யுனெஸ்கோ டோகாய் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலில் இருப்பதால் பாட்டில் விற்றுவிடாது. இனிப்பு ஒயின் குடிக்கும் பழக்கம் உலகமெங்கும் குறைந்துவிட்டது. பதினைந்து ஆள் கூலி போட்டுச் செய்த பொருளை விருந்தின் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் ஊற்றி, மூடி வைத்துவிடுகிறார்கள்.

அதற்கு டோகாய்காரர்கள் கண்டுபிடித்த பதில், இனிப்பில்லாத ஃபுர்மிண்ட். மாட் கிராமத்தைச் சேர்ந்த இஸ்த்வான் செப்ஷி 2000-ம் ஆண்டு விளைச்சலில், உராக்யா என்ற ஒரே தோட்டத்துப் பழத்தை வைத்துச் செய்த ஒயின் இதற்கு வழிகாட்டியது. இனிப்பில்லாத ஒயினுக்குப் பூஞ்சைக்காகக் காத்திருக்க வேண்டாம், பழம் பழமாகக் கிள்ள வேண்டாம், விரைவில் காசாக்கலாம். இன்று பல வீடுகளுக்கு அடுப்பெரிவது இதனால்தான். மறுபக்கம், ஆரோக்கியமான பழத்தை முன்கூட்டியே அறுத்துவிட்டால், அஸூவுக்குக் கொடியில் விட்டுவைக்கும் பழம் குறையும். வெயில் கடுமையான வருடங்களில் பூஞ்சை பிடிப்பதும் நிச்சயமில்லை. எதை அறுப்பது, எதை விட்டுவைப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பந்தயம் கட்டுகிறது.

இப்போது கொடிக்கே ஆபத்து வந்திருக்கிறது. 'ஃப்ளாவெசான்ஸ் டோரே' என்ற நோய் 2025-ல் ஹங்கேரியின் பெரும்பாலான ஒயின் பகுதிகளில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த ஒரு சின்னத் தத்துப்பூச்சிதான் அதைக் கொடிவிட்டுக் கொடி கொண்டுபோகிறது. இலை மஞ்சளாகச் சுருளும், காய் வாடும். மருந்து கிடையாது. பூச்சிக்கு மருந்தடிக்கலாம், நோய் கண்ட கொடியை வேரோடு பிடுங்கலாம், அவ்வளவுதான்.

1880-களில் இதேபோல அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, டோகாயின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அன்று அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டி மீண்டார்கள். இந்த நோய்க்கு அப்படி ஓர் ஒட்டு இல்லை. தன் தோட்டத்தை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும், பக்கத்தில் பராமரிப்பின்றிக் கிடக்கும் கொடிகளில் பூச்சி பெருகி வந்துவிடும். ஒயின் விலை கட்டுப்படியாகாமல், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, வயதானவர்கள் கைவிட்ட துண்டு நிலங்கள் ஹங்கேரியின் கிராமங்களில் நிறையவே இருக்கின்றன.