எம்டிஓஎம்

எம்டிஓஎம் என்பது படம், ஒலி முதலிய இருமக் கோப்புகளைச் சோப் நெறிமுறையில் இயங்கும் வலைச் சேவைகள் வழியே அளவு பெருகாமல் அனுப்பும் முறையாகும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதனை 2005 சனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது.

சோப் செய்தி எக்ஸ்எம்எல் உரையால் ஆனது. இருமத் தரவை அதனுள் அப்படியே வைக்க இயலாது. ஆகவே பேஸ்64 குறியாக்கத்தால் அதை எழுத்துகளாக மாற்றுவர். இதில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும். 3 மெகாபைட் படம் 4 மெகாபைட்டாகப் பெருகும்.

எம்டிஓஎம் முறையில் கோப்பு மாற்றமின்றி, அதே செய்தியின் தனிப் பகுதியாகச் செல்கிறது. உரையில் அதைச் சுட்டும் குறிப்பு மட்டும் இருக்கும். கடிதத்தில் 'இணைப்பு காண்க' என எழுதி, புகைப்படத்தை அதே உறையில் தனியே வைப்பது போன்றது இது. மிகச் சிறிய கோப்புகளுக்குப் பகுதித் தலைப்புகளே கூடுதல் சுமையாவதால், அவற்றுக்குப் பேஸ்64 போதுமானது.