காலுக்குக் கீழே – 14: பனி உரித்த வாசல்

அக்கா மகன் கனடாவில், டொரன்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் குடியிருக்கிறான். போன பங்குனியில் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். கார் நிறுத்தும் கான்கிரீட் வாசல். மேல்தோல் ஆறிய புண்ணின் பொருக்குபோல வட்டம் வட்டமாக உரிந்து, உள்ளிருக்கும் ஜல்லி தெரிந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, போட்டு நாலு வருசந்தானுங்க ஆச்சு. நம்மூர்ல தாத்தா போட்ட வாசல் நாம் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே இருக்குது, இன்னும் கல்லாட்டம் கெடக்குது. இதுக்கு என்னங்க ஆச்சு?"

அவன் சொல்லும் வாசல் குன்னத்தூரில் எங்கள் வீட்டு முன்னால் இருக்கிறது. முதலில் மாட்டு வண்டி ஏறி இறங்கியது, பிறகு பனியன் துணி ரோல் ஏற்றிய டெம்போ. குறுக்கே ஒரே ஒரு விரிசல். அதில் எறும்பு குடியிருக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் உட்கார்ந்துதான் அவனுக்குப் பதில் யோசித்தேன்.

கான்கிரீட் பார்வைக்குக் கல், உள்ளே பஞ்சு. கலக்கும்போது ஊற்றும் தண்ணீரில் சிமென்ட் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் வெளியேறும். அது போன வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். மழையும் உருகிய பனியும் அந்தத் துளைகளில் ஏறும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். துளை நிறையத் தண்ணீர் இருந்தால் பெருக்க இடமில்லை. சுவரைத்தான் உடைக்க வேண்டும். டொரன்டோவில் குளிர் ஒரேயடியாக உறைந்து கிடந்துவிட்டுப் போவதில்லை. பகலில் பூஜ்யத்துக்கு மேல், இரவில் கீழ் என்று ஒரே பருவத்தில் பலமுறை உறைந்து உருகும். கடுங்குளிரைவிட இந்தப் போக்குவரத்துதான் கான்கிரீட்டைத் தின்கிறது.

அதோடு உப்பு. சாலையில் பனி வழுக்காமலிருக்க நகராட்சி வண்டிகள் உப்பைக் கொட்டுகின்றன. கார் அந்தச் சேற்றைச் சக்கரத்தில் அள்ளி வந்து வாசலில் சொட்டவிடுகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மேல்தோல் காயவே காயாது. கெட்டியான உப்புக் கரைசலைவிட, 3 சதவீத அளவிலான நீர்த்த கரைசல்தான் அதிகமாக உரிக்கிறது. இன்னொன்றும் அவனிடம் சொன்னேன்: அம்மோனியம் கலந்த பனிக்கரைப்பான் எதையும் பக்கத்தில் சேர்க்காதே. அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கான்கிரீட்டையே கரைத்துத் தின்னும். நம்மூரில் உர மூட்டையை வெறும் சிமென்ட் தரையில் அடுக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இதற்கு மருந்து கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1930-களின் பிற்பாதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். ஒரே குளிர், ஒரே உப்பு. சில சாலைகள் மட்டும் உரியாமல் நின்றன. தேடிப் பார்த்தால், அந்தச் சிமென்டை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள். அரவை சுலபமாகட்டும் என்று சேர்த்தது, கலவைக்குள் நுரைபோலக் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கிவிட்டது. உறையும் தண்ணீர் பக்கத்துக் குமிழிக்குள் ஒதுங்கிக்கொள்கிறது, சுவர் பிழைக்கிறது. பிறகு பைன் மரப் பிசின் வந்தது, இன்று அதற்கென்றே திரவங்கள் இருக்கின்றன. கலவையின் எந்தப் புள்ளியிலிருந்தும் பக்கத்துக் குமிழி 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கனடாவில் வெளிவாசல் கான்கிரீட்டுக்கு 5 முதல் 8 சதவீதம் காற்று கேட்கிறார்கள். நம்முடைய ஐ.எஸ். 456 விதிநூலும், உறைந்து உருகும் இடங்களில் 20 மி.மீ. ஜல்லிக் கலவைக்கு 5 சதவீதத்தை ஒட்டிக் காற்று வேண்டும் என்கிறது. இமயமலைப் பக்கம் அது தேவைப்படும்.

நம்மூர்க் கொத்தனாரிடம் சொன்னால் திகைத்துப்போவார். காற்று நின்றால் பலம் போகும் என்று குத்திக் குத்தி வெளியேற்றுகிறவர் அவர். அவர் சொல்வதும் சரிதான், 1 சதவீதக் காற்றுக்கு 5 சதவீத பலம் குறையும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்று, சிமென்டைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்து ஈடுகட்டுகிறார்கள் குளிர் நாட்டுக்காரர்கள்.

அப்படியானால் அவன் வாசல் ஏன் உரிந்தது? போட்ட அன்று எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மேலே கசிந்த தண்ணீர் வற்றுவதற்குள் ஒருவர் இன்னும் தண்ணீர் தெளித்து, இரும்புக் கரண்டியால் பளபளவென்று தேய்க்கிறார். அங்கேயே முடிந்துவிட்டது. மேல் கால் அங்குலத்தில் சிமென்ட் நீர்த்து, குமிழியெல்லாம் வெளியேறியிருக்கும். அடியில் நல்ல கான்கிரீட், மேலே சவ்வு.

ஒழுங்காகப் போட்டால் குளிர் நாட்டு வாசல் 25, 30 வருடம் தாராளமாக நிற்கும். நன்றாகக் கவனித்தால் அதற்கு மேலும். ஒஹாயோ மாநிலத்தின் பெல்ஃபோன்டைன் ஊரில் ஜார்ஜ் பார்த்தலோமியோ 1891-ல் போட ஆரம்பித்த கான்கிரீட் தெரு இன்னும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் நம்பவில்லை, 5 வருடம் தாங்கும் என்று 5,000 டாலர் பிணை கட்டிய பிறகே விட்டார்கள்.

எங்கள் வாசலுக்குப் பனி இல்லை, அதனால் பிழைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே தெருவில் 6 வருடத்தில் புழுதி கிளம்பிய வாசல்களும் உண்டு. இங்கே எதிரி வெயிலும் காற்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில், போட்ட சில மணி நேரத்திலேயே மேல் ஈரம் பறந்துவிடும். கோழி கீறியதுபோல வெடிப்பு விழும். இன்றைக்கு வீட்டு வேலைக்கு வரும் மூட்டை பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமென்ட், அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். வெயில் காலத்தில் அதற்கு 14 நாள் ஈரம் வேண்டும் என்கிறது விதிநூல். நாம் மூன்று நாள் காலையில் ஹோஸ் பிடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். தாத்தா வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார், பாட்டி பொழுதுக்கும் குடத்தோடு நின்றார். அந்த ஒரே விரிசலும் தாத்தா 30 அடிக்கு வெட்டு விடாமல் இழுத்ததால் வந்தது. 4 அங்குலக் கனத்துக்கு 8, 10 அடிக்கு ஒரு வெட்டு வேண்டும்.

அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான்: உப்புக்குப் பதில் மணல் தூவு. வெயில் வரும் நாளில் கார் இறக்கிய உப்பைக் கழுவிவிடு. கோடை முடிவதற்குள் உரிந்ததைச் சுரண்டி, அதற்கான கலவையால் ஒட்டு. நன்கு காய்ந்த பிறகு, தண்ணீர் புகாமல் நீராவியை மட்டும் வெளியே விடும் சிலேன் பூச்சை அடி.

அந்த வாரமே எதிர் வீட்டில் வாசல் போட்டார்கள். "சாக்கு கிடைக்கலீங்களே, எதைப் போட்டு மூடறது?" என்றார் அந்த வீட்டம்மா. பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரண்டு மூட்டை பனியன் வேஸ்ட் கேட்டு வாங்கினோம். வெள்ளைப் பருத்தித் துண்டுகள். சாயத் துணி வேண்டாம், கறை பிடிக்கும் என்று பொறுக்கி ஒதுக்கினோம். ஈரத்தைச் சாக்கைவிட நன்றாகப் பிடித்தது. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் நனைத்தார்கள். 15-ம் நாள் ஒரு ஓரத்தைத் தூக்கி ஆணியால் கீறிப் பார்த்தேன். பொடி வரவில்லை, ஆணியின் இரும்புதான் வெள்ளிக் கோடாக ஒட்டியிருந்தது. அதைப் படம் எடுத்து ஸ்கார்பரோவுக்கு அனுப்பினேன்.

(தொடரும்)