காலாட்படைக் கம்பெனிக்குப் படைப்பட்டியல் அமைத்தல்

சிறுபொம்மைப் போர் விளையாட்டில் ஆட்டக்காரர் மேசைமீது இறக்கப்போகும் படையை முன்கூட்டியே எழுதி வைப்பது படைப்பட்டியல் எனப்படும். ஒவ்வொரு படைக்கூறுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இரு தரப்பினரும் ஒரே புள்ளி வரம்புக்குள் தம் படையைத் தெரிவுசெய்கின்றனர். ஒன்றை வாங்கினால் வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டியல் அமைப்பதன் சிக்கல் இதுவே.

இக்கட்டுரை, டீம் யாங்கி விளையாட்டில் 1985ஆம் ஆண்டுக்குரிய பிரித்தானியக் காலாட்படைக் கம்பெனியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

டீம் யாங்கியை நியூசிலாந்தின் பேட்டில்ஃபிரண்ட் மினியேச்சர்ஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்டது. ஹரால்ட் கோய்ல் 1987இல் எழுதிய அதே பெயருடைய நாவல் இதற்கு அடிப்படை. நேட்டோ நாடுகளுக்கும் வார்சா ஒப்பந்த நாடுகளுக்கும் இடையே மேற்கு ஜெர்மனியில் போர் மூண்டதாக நாவல் கற்பனை செய்கிறது. பொம்மைகள் 15 மி.மீ. வகையைச் சேர்ந்தவை, வாகனங்கள் 1:100 அளவில் அமைந்தவை. 100 புள்ளிகள் என்பது வழக்கமான வரம்பாகும்.

உண்மைக் கம்பெனியின் அமைப்பு

அக்காலப் பிரித்தானிய இயந்திரமயக் காலாட்படைக் கம்பெனியில் ஒரு தலைமையகமும் மூன்று பிளாட்டூன்களும் இருந்தன. ஒரு பிளாட்டூனில் மூன்று செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷனில் ஏறத்தாழ எட்டுப் பேர். இவர்களை எஃப்வி432 என்னும் சங்கிலிச் சக்கரக் கவச வண்டி ஏற்றிச் சென்றது. அதன் கவசம் துப்பாக்கிக் குண்டுகளையும் வெடிகுண்டுச் சிதறல்களையும் மட்டுமே தாங்கும். எனவே வண்டி வீரர்களைக் களத்துக்குக் கொண்டு சேர்க்கும். சண்டை தரையில் நடக்கும். பட்டியலையும் இந்த எண்ணத்துடனேயே தொடங்க வேண்டும்.

மையப்பகுதி

விதிப்படி, படையில் குறைந்தது ஒரு முதன்மை அணி இருக்க வேண்டும். அதன் வரைபடத்தில் கறுப்புக் கட்டங்கள் கட்டாயமானவை. சாம்பல் நிறக் கட்டங்கள் விருப்பத்துக்குரியவை. முதன்மை அணியின் பிரிவுகள் பெருமளவு அழிந்தால் அணி சிதறிவிடும். எல்லா அணிகளும் சிதறினால் ஆட்டம் தோல்வியில் முடியும். அணிக்கு வெளியே வாங்கிய ஆதரவுப் பிரிவுகள் எத்தனை எஞ்சியிருந்தாலும் இதிலிருந்து காப்பாற்றாது.

எனவே கட்டாய அளவுக்கு மேல் ஒரு பிளாட்டூனைச் சேர்ப்பது வீண்செலவு அன்று. இரண்டு பிளாட்டூன்கள் முன்னணியில் இலக்குகளைக் காக்கும்போது, மூன்றாவது பிளாட்டூன் பின்னே நின்று அணி சிதறாமல் பார்த்துக்கொள்ளும்.

டாங்கிகளை எதிர்கொள்ளல்

காலாட்படைக்கு இரண்டு வகை டாங்கி எதிர்ப்பு தேவை. முதலாவது அருகிலிருந்து தாக்குவது. தோளில் வைத்துச் சுடும் 84 மி.மீ. கார்ல் குஸ்தாவ் இவ்வகையைச் சேர்ந்தது. சோவியத் டாங்கிகளின் பக்கவாட்டுக் கவசம் முன்பக்கத்தைவிட மெல்லியது. ஆகவே இவ்வாயுதக் குழுக்களைக் காட்டோரத்திலும் கட்டடங்களிலும் பக்கவாட்டில் சுடும்படி நிறுத்துவது நன்று.

இரண்டாவது தொலைவிலிருந்து தாக்குவது. மிலன் ஏவுகணை ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை செல்லும். ஆனால் அது நகர்ந்துகொண்டே சுடும் ஆயுதம் அன்று. மிக அருகிலுள்ள இலக்குக்கும் உதவாது. இவ்விரண்டில் ஒன்று மட்டும் உள்ள பட்டியலின் குறையை எதிராளி விரைவில் கண்டுகொள்வார்.

ஆதரவுப் பிரிவுகள்

பதுங்குகுழியில் உள்ள காலாட்படையை அகற்றுவது கடினம். அது எதிரியைத் துரத்திச் செல்வதும் கடினம். இக்குறையை நிரப்பவே ஆதரவுப் பிரிவுகள் வாங்கப்படுகின்றன.

• 120 மி.மீ. பீரங்கி கொண்ட சீஃப்டன் டாங்கிகள்: எதிர்த்தாக்குதலுக்கு.
• 105 மி.மீ. அபட் தானியங்கிப் பீரங்கிகள்: நெருங்கிவரும் காலாட்படையைத் தடுக்கவும் புகைத்திரை எழுப்பவும்.
• புளோபைப் அல்லது ரேப்பியர் ஏவுகணைகள்: எம்ஐ-24 போன்ற தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு எதிராக.

தொடக்கநிலை ஆட்டக்காரர் 100 புள்ளிகளில் ஏறத்தாழப் பாதியைக் கம்பெனிக்கும், கால் பங்கை டாங்கிகளுக்கும், எஞ்சியதைப் பீரங்கிக்கும் வான் பாதுகாப்புக்கும் ஒதுக்கிப் பார்க்கலாம். பிரிவுகளின் விலை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், தற்போதைய நூலைப் பார்த்தே கூட்ட வேண்டும்.

பொதுவான பிழை

டாங்கிகள் கண்ணைக் கவரும். காலாட்படையை விதி கேட்கும் குறைந்த அளவில் நிறுத்தி, மீதிப் புள்ளிகளை எல்லாம் சீஃப்டன்களில் கொட்டுவது அடிக்கடி நடப்பது. எதிராளி அந்த டாங்கிகளைத் தொடாமலே மெலிந்த கம்பெனியைத் தாக்கி ஆட்டத்தை வெல்லலாம்.

சில போர்ப்பணிகளில் படையின் ஒரு பகுதி சேமப்படையாகத் தாமதித்தே களத்துக்கு வரும். எனவே பட்டியலை முடிக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: டாங்கிகள் வந்து சேரும்வரை, களத்தில் உள்ளவர்கள் மட்டும் இலக்கைக் காக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல காலாட்படைப் பட்டியல்.