கம்ப்யூட்டர் ரேடியோவின் அளவை வீட்டிலேயே சரிபார்க்கும் முறை

சங்கக் கிடங்கில் தானியம் எடைபோடும் தராசும் எடைக்கற்களும் சர்க்கார் முத்திரை பெற்றவையா என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. ஓர் அளவு கருவி எவ்வளவு புதியதாயினும், அதனினும் உயர்ந்த பிரமாண அளவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வரையில் அதனை நம்புவதற்கில்லை. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இக்காலத்தில் உபயோகிக்கும் கம்ப்யூட்டர் ரேடியோவுக்கும் இவ்விதி முற்றிலும் பொருந்தும். அதனைச் சரிபார்ப்பதற்குப் பணச் செலவு ஏறக்குறைய இல்லை. பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும்.

எஸ்.டி.ஆர். என்று சொல்லப்படும் இந்த ரேடியோ யாது? பழைய ரேடியோப் பெட்டியில் அலைகளைப் பிரித்துக் குரலாக்கும் வேலையைச் சுருள்களும் கண்டென்ஸர்களும் வால்வுகளும் செய்து வந்தன. எஸ்.டி.ஆரில், ஏரியல் பிடித்த அலை எண்களாக மாற்றப்படுகிறது; எஞ்சிய வேலையைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் செய்கிறது. டெலிவிஷன் பார்ப்பதற்கென விற்கப்பட்ட, கட்டைவிரல் அளவேயுள்ள மலிவான ஒரு கருவி இவ்வேலைக்கு உதவும் என்பது 2012-ம் ஆண்டில் பரவலாகத் தெரிய வந்தது. ஆர்.டி.எல். வகை எனப்படும் அக்கருவியையே இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

இக்கருவிக்குள் குவார்ட்ஸ் ஸ்படிகம் ஒன்று இருக்கிறது. அது வினாடிக்கு 2 கோடியே 88 லட்சம் தடவை, அதாவது 28.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், துடிக்க வேண்டும். கருவியின் எல்லா அளவுகளும் இத்துடிப்பைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. மலிவான ஸ்படிகமோ பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் கூடியோ குறைந்தோ துடிக்கும். உஷ்ணம் ஏறினால் அவ்வளவும் மாறும். திரையில் அலையின் எண் கடைசி ஹெர்ட்ஸ் வரை துல்லியமாகத் தோன்றுகிறதே என்று மயங்கலாகாது. இலக்கங்கள் பல இருப்பதால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடாது.

இப்பிழையால் விளையும் தீங்கு சிறிதன்று. பத்து லட்சத்தில் 35 பங்கு பிழை என்று வைத்துக் கொள்வோம். 14 மெகாஹெர்ட்ஸில் அது 490 ஹெர்ட்ஸ். 145 மெகாஹெர்ட்ஸில் 5,075 ஹெர்ட்ஸ். விஸ்பர் என்னும் முறையில் மிகக் குறைந்த சக்தியுடன் அனுப்பப்படும் சமிக்ஞைகள் யாவும் 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சந்துக்குள் அடங்கியவை. 490 ஹெர்ட்ஸ் விலகிய கருவிக்கு அவற்றுள் ஒன்றும் அகப்படாது. கேட்பவரோ ஏரியலைக் குறை கூறுவார். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமியால் அந்தமான் தீவுகளின் டெலிபோன் தொடர்பு அறுபட்டபோது, அங்கிருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்களே செய்திகளை வெளியே அனுப்பி உதவினர். அத்தகைய வேளையில் குறித்த இடத்தில் காது கொடுக்காத கருவி இருந்தும் பயனில்லை.

சரிபார்ப்பதற்குப் பிரமாணமாவது எது? அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்து ஃபோர்ட் காலின்ஸிலும், ஹவாயித் தீவுகளிலும், சீனாவில் பூச்செங் என்னுமிடத்திலும் உள்ள நேர அறிவிப்பு நிலையங்கள் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் ஒலிபரப்புகின்றன. அணுக் கடிகாரங்களைக் கொண்டு நடத்தப்படும் இவற்றில் வினாடிதோறும் கடிகாரத் துடிப்புப் போன்ற ஒலி கேட்கும். பல நிலையங்கள் ஒரே எண்ணில் கலந்து கேட்டாலும் கெடுதலில்லை, எல்லாம் சரியானவையே. சாதாரண எஃப்.எம். நிலையங்களைப் பிரமாணமாகக் கொள்ளுதல் தகாது. அவை 2,000 ஹெர்ட்ஸ் வரை விலக இடமுண்டு.

செய்முறை வருமாறு:

(1) கருவியை இயக்கி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். ஸ்படிகத்தின் உஷ்ணம் நிலைபெறுமுன் செய்த அளவு வீணாகும்.

(2) புரோகிராமில் பி.பி.எம். என்றிருக்கும் திருத்தத்தைப் பூஜ்யமாக்கி, 10 மெகாஹெர்ட்ஸ் நேர நிலையத்தைப் பிடிக்க வேண்டும். திரையைப் பெரிதாக்கினால் நிலையத்தின் அலை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும்.

(3) அக்கோடு நிற்கும் எண்ணைக் குறித்துக் கொள்க. 1,00,00,350 ஹெர்ட்ஸில் நின்றால் வித்தியாசம் 350. இதனை மெகாஹெர்ட்ஸ் எண்ணாகிய 10-ஆல் வகுத்தால் 35. இதுவே பிழையின் பங்கு.

(4) அவ்வெண்ணைத் திருத்தக் கட்டத்தில் இட வேண்டும். கூட்டலா கழித்தலா என்பது புரோகிராமுக்குப் புரோகிராம் வேறுபடலாம். கோடு சரியான இடத்தை நெருங்கினால் சரி. விலகினால் குறியை மாற்றுக.

குறுஅலை கேட்கும் வசதியற்ற கருவியுடையோர் செல்போன் கோபுரத்தை நாடலாம். 2ஜி கோபுரத்தின் அலை பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் பிழைபடலாகாது என்பது விதி. அவ்வலையைக் கேட்டுக் கருவியின் பிழையைத் தானே கணக்கிடும் ‘காலிபிரேட்’ என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. 4ஜி கோபுரங்களைக் கொண்டு கணக்கிடும் புரோகிராமும் உண்டு. இரண்டு வழிகளும் கைவசமிருப்போர் இரண்டாலும் பார்த்து ஒப்பிடுவது நலம். ஒரே சாட்சியைக் கொண்டு வழக்கை முடிப்பதில்லையல்லவா?

ஒரு முறை திருத்தியதுடன் வேலை தீர்ந்ததெனக் கருதலாகாது. தேதி, நேரம், அறையின் உஷ்ணம், கண்ட பிழை ஆகிய நான்கையும் ஒரு புத்தகத்தில் பதிவு செய்து வருக. சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் உங்கள் கருவி எப்படி நடந்து கொள்கிறதென்பதை அப்புத்தகமே தெரிவிக்கும். சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் அளவு வேறு விஷயம். தெரிந்த பலமுள்ள சமிக்ஞையுடன் ஒப்பிட்டாலன்றி அதனை உண்மையான அளவாகக் கொள்ள முடியாது. மேற்கூறிய திருத்தம் அதற்கு உதவாது.

செய்தி அனுப்பவும் வல்ல எஸ்.டி.ஆர். வைத்திருப்போருக்கு இது கடமையுமாகும். லைசென்ஸின்றி அனுப்புவது நம் நாட்டில் குற்றம். லைசென்ஸ் பெற்றவரும் அனுமதித்த வரம்பைத் தாண்டலாகாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு விடப்பட்டுள்ள பகுதியின் ஓரத்தில், 20 பங்கு பிழையுள்ள கருவி 2,920 ஹெர்ட்ஸ் வெளியே சென்றுவிடக்கூடும். அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவன் தன் வரைபடம் தவறென்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே முதலில் அளவைச் சரிபார்த்து, அதன் பின்னரே அனுப்பும் விசையைத் தொடுதல் வேண்டும்.